பிரதி முடிந்தது, எங்கே அனுப்புவது? சிறுவர் நாடகப் போட்டிகள் – ஓர் ஒப்பீடு

மேசைமேல் ஒரு நாடகப் பிரதி முடிந்து கிடக்கிறது. 48 பக்கம், ஐந்து நடிகர்கள், மணியடிக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் ஒரு சுவர்க்கடிகாரம். ஏழிலிருந்து பத்து வயதுப் பிள்ளைகளுக்காக எழுதியது. எழுத எட்டு மாதம் பிடித்தது. எந்தப் போட்டிக்கு அனுப்புவது என்ற யோசனையிலேயே இன்னும் இரண்டு மாதம் போய்விட்டது. சிறுவர் நாடகம், குடும்ப நாடகம் என்று வந்துவிட்டால் போட்டிக்குப் போட்டி கேட்பதும் வேறு, கொடுப்பதும் வேறு.

போட்டிப் பட்டியலைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது பரிசுத்தொகை, அடுத்தது கடைசித் தேதி. நானும் பல வருடம் அந்த வரிசையில்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன். இப்போது விதிமுறைத் தாளில் முதலில் தேடுவது ஒரே ஒரு கேள்விக்கான விடை: ஜெயித்த பிரதியை இவர்கள் என்ன செய்யப்போகிறார்கள்? காசு கொடுத்துக் கைகுலுக்கி அனுப்பிவிடுவார்களா, மேடையேற்றுவார்களா, நடிகர்களை உட்காரவைத்து வாசித்துத் திருத்த உதவுவார்களா, புத்தகமாகப் போட்டு நடிப்புரிமை விற்பார்களா? இந்த நாலில் எது என்று தெரிந்தால் பாதி முடிவு எடுத்த மாதிரி.

அதற்கும் முன்னால் ஒன்றைப் பார்த்துவிட வேண்டும். 'சிறுவர் நாடகம்' என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு சரக்குகள் உலவுகின்றன. பெரியவர்கள் நடித்துப் பிள்ளைகள் பார்ப்பது ஒன்று. பிள்ளைகளே நடிப்பது இன்னொன்று. பாட்டியும் பேரனும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து இருவருமே சிரிப்பது மூன்றாவது. இதைத்தான் குடும்ப நாடகம் என்கிறார்கள். தலைப்பில் எதைப் போட்டிருந்தாலும், எதைக் கேட்கிறார்கள் என்பது பாத்திரங்களின் எண்ணிக்கையைப் பற்றிய விதியில்தான் வெளிப்படும்.

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், கொலம்பியா நகரத்து நாடகக் குழு ஒன்று ஜாக்கி வைட் நினைவுப் போட்டியை நடத்திவந்தது. அதன் விதி, பேசும் பாத்திரங்கள் குறைந்தது 20 இருக்க வேண்டும் என்பது. முதன்முறை படித்தபோது அச்சுப்பிழை என்றுதான் நினைத்தேன். பிழை இல்லை. பிள்ளைகளை நடிக்கவைக்கும் இடத்தில், வந்து சேர்ந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வசனமாவது கொடுத்தாக வேண்டும். அம்மா அப்பா முன்வரிசையில் காத்திருக்கிறார்கள். தொழில்முறைக் குழுவில் கணக்கு தலைகீழ். அங்கே ஒவ்வொரு நடிகரும் ஒரு சம்பளம். பள்ளி பள்ளியாக வேனில் போய் நடத்தும் குழு என்றால் நடிகர், மேடைப்பொருள், உடைப்பெட்டி எல்லாமே அந்த ஒரே வண்டியில் அடங்க வேண்டும். மூன்றிலிருந்து ஆறு பேர், அவர்களே இரண்டு மூன்று வேடம் கட்டுவார்கள் என்ற கணக்கில் பிரதி இருந்தால்தான் அடுத்த பக்கத்தைப் புரட்டுவார்கள்.

இந்த இரண்டுக்கும் நடுவே ஒரே பிரதியை இழுத்துப் பிடித்து ஓட்டலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஒரு போட்டிக்கு முதல் சுற்று வாசகராக மூன்று வாரத்தில் 40 பிரதிகள் படித்தேன். 'மரம் 1, மரம் 2, மரம் 3, வழிப்போக்கன், இரண்டாம் வழிப்போக்கன்' என்று ஆளுக்கொரு வரி கொடுத்து ஒட்டவைத்த பிரதிகள் அதில் ஏழோ எட்டோ இருந்தன. ஒட்டுப்போட்ட இடம் அப்படியே தெரியும். மரம் 2-ஐ எடுத்துவிட்டால் நாடகத்துக்கு ஒன்றும் ஆகாது. அந்த வேடம் கட்டும் பிள்ளைக்கும் அது தெரியும். ஐந்து பேருக்கு எழுதிய என் கடிகார நாடகத்தை 20 பேர் கேட்கும் இடத்துக்கு அனுப்புவதில்லை என்று அப்போதே முடிவு செய்தேன். பட்டியலில் மூன்றில் ஒரு பங்கு அத்தோடு கழிந்தது.

இனி அந்த நான்கு வகை. முதலில் காசு மட்டும் கொடுப்பவை. இதில் சொல்ல அதிகம் இல்லை. உதாரணத்துக்கு, சிறுவர் நாடகத்துக்கே வாழ்நாளைக் கொடுத்த ஆரண்ட் ஹாரிஸ் 1996-இல் இறந்த பிறகு, நியூ இங்கிலாந்து நாடக மாநாடு என்ற அமைப்பு அவர் பெயரில் ஒரு விருதை ஏற்படுத்தியது. இளம் பார்வையாளர்களுக்கான முழுநீள நாடகங்களுக்கு முதல் பரிசு 1,000 டாலர், இரண்டாம் பரிசு 500 டாலர் என்று கொடுத்துவந்தார்கள். இத்தகைய பரிசின் நிஜ மதிப்பு பணத்தில் இல்லை, அடுத்த கடிதத்தில் இருக்கிறது. 'இன்ன விருது பெற்ற பிரதி' என்ற ஒரு வரி, நாடகக் குழுவின் மேசையில் குவிந்திருக்கும் கோப்புகளில் உங்கள் கோப்பைக் கொஞ்சம் மேலே நகர்த்தும். துறைக்காரர்களுக்குத் தெரிந்த பெயராக இருந்தால் மட்டும்தான் நகர்த்தும். நேற்று முளைத்த போட்டியில் வாங்கிய முதல் பரிசுக்கு அந்தச் சக்தி கிடையாது.

நேற்று முளைத்தவை பற்றி எனக்கு ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. ஒருமுறை நுழைவுக் கட்டணம் கட்டி ஒரு போட்டிக்கு அனுப்பினேன். மாதங்கள் கழித்து வந்த அறிவிப்பு: 'இந்த ஆண்டு எந்தப் பிரதியும் தகுதியை எட்டாததால் பரிசு வழங்கப்படவில்லை.' விதிமுறையைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். பன்னிரண்டாவது விதியாக, அவ்வாறு செய்ய அவர்களுக்கு உரிமை உண்டு என்று பொடி எழுத்தில் இருந்தது. ஏமாற்று என்று சொல்ல முடியாது, நான்தான் படிக்கவில்லை. அதிலிருந்து எனக்கொரு வழக்கம். கட்டணம் கேட்டால், பதிலுக்கு என்ன என்று பார்ப்பேன். அனுப்பிய எல்லோருக்கும் நடுவர்களின் எழுத்துக் கருத்து தருகிறவர்களிடம் கொஞ்சம் காசு கொடுக்கலாம். அது வாசிப்புக் கூலி. கருத்தும் கிடையாது, பரிசு கட்டாயமும் இல்லை, காசு மட்டும் வேண்டும் என்றால் அது லாட்டரி.

இரண்டாவது வகை, மேடையேற்றுவதையே பரிசாகத் தருபவை. நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தின் ஆனா ஸோர்னியோ நினைவுப் போட்டி இந்த ரகம். நான்கு ஆண்டுக்கு ஒருமுறைதான் நடந்துவந்தது, பணம் பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் ஜெயித்த நாடகத்தைப் பல்கலைக்கழக நாடகத்துறை மேடையேற்றியது. கேட்டவுடனே வாயில் எச்சில் ஊறும். எழுதுகிறவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இங்கேதான் நிதானம் தேவை. ஒரு பிரதிக்கு 'முதல் மேடையேற்றம்' என்பது ஒரே ஒரு தடவைதான். செலவழித்துவிட்டால் திரும்பி வராது. சிறுவர் நாடகப் போட்டிகளில் பெரும்பாலானவை இதுவரை மேடையேறாத பிரதியைத்தான் கேட்கின்றன. தொழில்முறைக் குழுக்களுக்கும் 'உலகில் முதன்முறையாக' என்று சுவரொட்டியில் போட்டுக்கொள்ள ஆசை. அரைகுறையாக வெந்த பிரதியை இந்த ரகப் போட்டிக்கு அனுப்பி, நல்ல நேரமோ கெட்ட நேரமோ ஜெயித்தும்விட்டால், அந்த அரைகுறைதான் மேடையேறும். ஒத்திகைத் தேதி குறித்த பிறகு இரண்டாம் பாதியை மாற்றி எழுத யாரும் விடமாட்டார்கள். ஒத்திகை நடக்கும் ஊருக்கு நீங்கள் போய்ச் சேர்வதே சந்தேகம். அதனால் விதிமுறையில் நான் பார்ப்பது: மேடையேற்றம் உறுதியா, 'ஏற்றப்படலாம்' என்று இருக்கிறதா? எழுத்தாளரின் பயணச்செலவு யார் தலையில்? ஒத்திகையில் திருத்த இடமுண்டா? எத்தனை தடவை நடத்துவார்கள்? 'ஏற்றப்படலாம்' என்று இருந்தால் அதை மேடையேற்றக் கணக்கில் சேர்க்கவே சேர்க்காதீர்கள்.

மூன்றாவது, பட்டறையும் வாசிப்பும் பரிசாகக் கிடைப்பவை. எனக்குப் பிடித்த வகை இது என்பதை மறைக்கப்போவதில்லை.

பான்டர்மன் போட்டி 1985-இல் இண்டியானாபொலிஸில் தொடங்கியது. பிற்பாடு அதன் வழியில் இண்டியானா ரெப்பர்டரி தியேட்டரும் அரிசோனாவின் சைல்ட்ஸ்பிளே குழுவும் சேர்ந்து 'ரைட் நவ்' (இப்போதே எழுது) என்ற திட்டத்தை நடத்தின. தேர்வான நாடக ஆசிரியர் இயக்குநரோடும் நடிகர்களோடும் சில நாள் உட்கார்ந்து பிரதியைப் பிரித்து மேய்வார். கடைசியில் துறைசார்ந்த பார்வையாளர்கள் முன்னால் நடிகர்கள் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டே வாசித்து நடிப்பார்கள். வாஷிங்டனில் கென்னடி சென்டர் என்ற கலை மையம் 1991-இல் ஆரம்பித்த 'நியூ விஷன்ஸ் / நியூ வாய்ஸஸ்' இரண்டாண்டுக்கு ஒருமுறை நடந்துவந்தது, ஏறத்தாழ இதே பாணி. ஒரே வித்தியாசம், அங்கே தனி ஆளாக விண்ணப்பிக்க முடியாது. ஒரு நாடகக் குழு உங்களைக் கைப்பிடித்து அழைத்து வர வேண்டும். குழுத் தொடர்பு இல்லாதவருக்கு அந்தக் கதவு சாத்தியே இருக்கும். இருக்கிறவருக்கோ அதைவிட நல்ல கதவு கிடையாது. பிரதி வெளியே வரும்போதே அதை மேடையேற்ற ஆசைப்படும் ஒரு குழு பக்கத்தில் நிற்கிறது.

வாசிப்பு ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்டால், ஒரு மதியத்தைத்தான் சொல்ல வேண்டும். கடிகார நாடகத்துக்கு முன்னால் எழுதிய ஒரு பிரதியை ஒரு பட்டறையில் வாசித்தார்கள். முன்னால் தரையில் முப்பது பிள்ளைகள். நான் ஓரமாகப் பென்சிலும் பிரதியுமாக உட்கார்ந்திருந்தேன். பதினெட்டாம் பக்கம் வரை எல்லாம் நன்றாகப் போனது. பத்தொன்பதாம் பக்கத்தில் தாத்தா தன் சின்ன வயதுக் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். நான் ரசித்து எழுதிய பகுதி, பெரியவர்கள் படித்துவிட்டுக் கண் கலங்கியது. ஒரு பையன் ஷூவின் வெல்க்ரோ ஒட்டுப்பட்டையைப் பிரித்தான், ஒட்டினான், பிரித்தான். அந்தச் சத்தம் பக்கத்துப் பிள்ளைக்குத் தொற்றியது. இருபதாம் பக்கத்துக்கு வரும்போது அரங்கு முழுக்க வெல்க்ரோ. பக்க ஓரத்தில் நான் போட்ட பென்சில் கோடு இரண்டு பக்கத்துக்கு நீண்டது. தாத்தா வாயை மூடி, பெட்டியிலிருந்து ஒரு பழைய விசிலை எடுத்து ஊதியபோதுதான் சத்தம் நின்றது. பெரியவர்கள் மரியாதைக்காகவாவது உட்கார்ந்திருப்பார்கள், பிள்ளைகளுக்கு அந்தப் பொய் தெரியாது. அன்றிரவு இரண்டு பக்கப் பேச்சை வெட்டி எறிந்துவிட்டு விசிலை மட்டும் வைத்துக்கொண்டேன். எந்தப் பரிசுப் பணமும் அதைச் செய்து தந்திருக்காது. இத்தனைக்கும் முதல் மேடையேற்றம் செலவாகவே இல்லை. வாசிப்பைப் பெரும்பாலான போட்டிகள் மேடையேற்றமாகக் கணக்கில் எடுப்பதில்லை; ஆனாலும் சில எடுக்கும், விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாசிப்புப் போட்டிகளிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பார்வையாளர்களில் பிள்ளைகள் உண்டா? நாடகத்துறைப் பெரியவர்கள் மட்டும் கூடும் வாசிப்பு என்றால் வெல்க்ரோ சத்தம் கேட்காது. தலையாட்டல்கள்தான் கிடைக்கும்.

நான்காவது, பதிப்பகங்கள் நடத்துபவை. பள்ளிகளுக்கும் சமூக நாடகக் குழுக்களுக்கும் நாடகப் பிரதிகளை விற்று, ஒவ்வொரு முறை நடத்தும்போதும் நடிப்புரிமைத் தொகை வாங்கிக் கொடுப்பது இவர்கள் தொழில். சிகாகோவில் தொடங்கிய டிரமாட்டிக் பப்ளிஷிங் 1885 முதல் இதே தொழிலில் இருக்கிறது. கொலராடோவின் பயனியர் டிராமா சர்வீஸ், தன் நிறுவனர் ஷூபர்ட் ஃபெண்ட்ரிச் பெயரில் போட்டி வைத்திருக்கிறது. ஜெயித்தவருக்குப் பதிப்பு ஒப்பந்தமும் 1,000 டாலரும். அந்த 1,000 டாலர் ராயல்டி முன்பணம். அதாவது பிற்பாடு வரவேண்டிய தொகையில் கழித்துக்கொள்வார்கள். ஆரண்ட் ஹாரிஸ் விருதின் 1,000-மும் இந்த 1,000-மும் பட்டியலில் ஒரே எண்தான், கையில் வேறு வேறு காசு. அதற்காகப் பதிப்பகத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. முன்பணம் கழிந்த பிறகும் நாடகம் பள்ளிக்குப் பள்ளி நடந்துகொண்டிருந்தால், எழுதி மறந்த பிரதி பத்து வருடம் கழித்தும் காசு அனுப்பும். சிறுவர் நாடகத்தில் எழுத்தாளருக்கு நிலையான வரும்படி என்று ஒன்று இருந்தால் பெரும்பாலும் அது இந்த வழியில்தான் வருகிறது.

ஆனால் இங்கே விதி அப்படியே புரண்டுவிடும். மற்ற இடத்தில் மேடையேறாத பிரதி வேண்டும். பயனியர் போன்ற பதிப்பகங்களோ மேடையேறி நின்ற பிரதியைத்தான் எதிர்பார்க்கின்றன. நியாயமும் அவர்கள் பக்கம் இருக்கிறது. பிரதியை வாங்கும் ஆசிரியை அடுத்த மாதமே ஒத்திகை தொடங்குவார். ஆறாவது காட்சியில் உடை மாற்ற நேரமே இல்லை என்று அவர் அப்போதா கண்டுபிடிப்பது?

ஆகவே இந்த நான்கும் வரிசையில் நிற்பவை. வாசிப்பு முதலில், பிறகு மேடை, பிறகு பதிப்பு. காசுப் பரிசு இவற்றுக்கு இடையே எங்கே பொருந்தினாலும் சரி. இந்த வரிசையை மாற்றிப்போட்டால் ஏதோ ஒரு கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். கைச்செலவில் நண்பர்களை வைத்து அவசரமாக ஒரு காட்சி நடத்திவிட்டு, பிறகு போட்டிப் பட்டியலைத் திறந்து தலையில் கைவைத்தவர்களை எனக்குத் தெரியும். அதில் நானும் ஒருவன்.

பட்டியல்களில் போட்டி போலவே தோன்றி நம்மைக் குழப்பும் இன்னொரு இனம் உண்டு. ஜெர்மனியின் மூல்ஹைம் நகரத்தில் 2010 முதல் சிறுவர் நாடகத்துக்குத் தனிப் பரிசு தருகிறார்கள். அதற்குப் பிரதியை எழுதி அனுப்பிவைத்து ஜெயிக்க முடியாது. மேடையேறிய புதிய நாடகங்களிலிருந்து தேர்ந்தெடுத்து விழாவுக்கு அழைக்கிறார்கள். நடுவர்கள் விவாதிப்பது மக்கள் முன்னிலையில். எழுத்தாளருக்கு வயிற்றைக் கலக்கும் ஏற்பாடு, ஆனால் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. அமெரிக்க நாடக-கல்விக் கூட்டமைப்பு தரும் சிறந்த நாடக விருதும் இதே மாதிரி, பதிப்பில் வந்த நாடகங்களுக்குத்தான். முதல் பிரதியோடு நிற்பவர் இவற்றை இப்போதைக்கு மடித்து வைத்துவிடலாம்.

உரிமை விதி பற்றி நீட்டி முழக்க மாட்டேன். 'வென்ற நாடகத்தை ஓராண்டுக்குள் முதலில் மேடையேற்றும் உரிமை எங்களுக்கு' என்றால் நியாயம். 'அனுப்பப்படும் பிரதிகளின் அனைத்து உரிமைகளும் அமைப்பாளருக்கே' என்று இருந்தால் கோப்பை மூடிவிடுங்கள். தோற்ற பிரதியும் போய்விடும்.

தழுவல் எழுதியவர்கள் மட்டும் கொஞ்சம் கூடுதலாக நிற்க வேண்டும். சிறுவர் நாடகத்தில் பாதி தழுவல்தான்; தெரிந்த தலைப்பு டிக்கெட் விற்கும். பதிப்புரிமை முடிந்த கதை என்று நாம் நினைப்பது எல்லா நாட்டிலும் முடிந்திருக்காது. பதிப்புரிமை பற்றி நாடுகள் செய்துகொண்ட பெர்ன் உடன்படிக்கை சொல்வது ஆசிரியர் மறைந்து 50 ஆண்டு என்ற குறைந்தபட்சத்தை. பல நாடுகளில் அது 70. இதிலும் விசித்திரம் 'பீட்டர் பான்' என்ற பறக்கும் பையனின் நாடகம். அதை எழுதிய ஜே. எம். பாரி அதன் உரிமையை 1929-இல் லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொடுத்தார். பதிப்புரிமைக் காலம் முடிந்த பிறகும், பிரிட்டனில் அந்த நாடகத்தை நடத்தினால் மருத்துவமனைக்கு ராயல்டி போக வேண்டும் என்று 1988-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே எழுதி வைத்துவிட்டார்கள். பறக்கும் பையனைத் தொடுவதற்கு முன் இதையெல்லாம் பார்க்க வேண்டியிருக்கிறது. உயிரோடிருக்கும் எழுத்தாளரின் கதை என்றால் அனுமதிக் கடிதத்தின் நகல் பிரதியோடு போக வேண்டும். 'ஜெயித்தால் கேட்டு வாங்கிவிடுவேன்' என்பதை எந்த நடுவரும் ஏற்பதில்லை.

நாற்பது பிரதி படித்தேன் என்றேனே, அதில் முதல் சுற்றிலேயே விழுந்தவை கதை மோசமானதால் மட்டும் விழவில்லை. ஒரு மணி நேரம் என்று கேட்ட போட்டிக்கு 95 பக்கம் வந்தது; வசனப் பிரதி சுமாராகப் பக்கத்துக்கு ஒரு நிமிடம் ஓடும் என்பது யாருக்கும் தெரிந்த கணக்கு. வயது வரம்பு என்ற இடத்தில் '3 முதல் 99 வரை' என்று எழுதியவர் நகைச்சுவையாக நினைத்திருப்பார். மூன்று வயதுக்கு எழுதியதா, ஒன்பது வயதுக்கு எழுதியதா என்று எழுதியவருக்கே தெரியவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். கடைசிப் பக்கத்தில் ஒரு பெரியவர் வந்து, நடந்த கதையின் நீதியை எடுத்துரைக்கும் பிரதிகள் பதினொன்று. எண்ணினேன்.

பெயர் மறைத்துப் படிக்கும் போட்டிகளில் இன்னொரு சோகமும் நடக்கும். அட்டைப் பக்கத்தில் பெயரை எடுத்துவிட்டு, ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் விட்டுவிடுவார்கள். நல்ல பிரதி ஒன்று அப்படிப் போனது. விதி விதிதான், என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. எழுதியவர் யார் என்று இன்றும் நினைவிருக்கிறது, அதுதான் கொடுமை.

கடிகாரத்தை வாசிப்புப் போட்டிக்குத்தான் அனுப்புகிறேன். மேடை உறுதியாகக் கிடைக்கும் இடம் ஒன்று இதே மாதத்தில் திறந்திருக்கிறது, பணமும் இரட்டிப்பு. ஆசை விடவில்லை. ஆனால் கடிகாரம் ஏன் மணியடிக்க மறுக்கிறது என்று அது தானே விளக்கும் இடம் முப்பத்தோராம் பக்கத்தில் இருக்கிறது. ஒன்றேகால் பக்கப் பேச்சு. அங்கே வெல்க்ரோ கேட்குமா கேட்காதா என்று இன்னும் எனக்குத் தெரியாது.

நேற்றிரவு அட்டைப் பக்கத்தைத் தனியாகப் பிரித்தேன், பக்கத் தலைப்புகளைப் பார்த்தேன், எங்கும் பெயர் இல்லை. அனுப்பும் பொத்தானில் விரல் வைத்த பிறகு ஏதோ உறுத்தியது. கோப்பின் பண்புகளைத் திறந்தால், 'ஆசிரியர்' என்ற இடத்தில் என் முழுப்பெயர் முதலெழுத்தோடு உட்கார்ந்திருந்தது. அழித்துவிட்டு மறுபடி சேமித்தேன்.